டான்யூபுக்கு முன்னால் அஷ்டமுடி: கரிசல் மண்ணிலிருந்து ஒரு படகுப் பயணம்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் போனைப் பார்க்கிற வீடுகளில் இப்போது ஒரு வகை வீடியோ அடிக்கடி வருகிறது. நீளமான வெள்ளைக் கப்பல் ஒன்று ஆற்றில் மெல்லப் போகிறது. கரையில் பழைய கோட்டை, திராட்சைத் தோட்டம், தேவாலயக் கோபுரம். மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் காபி, தட்டில் கேக். 'ஏழு இரவுகள், நான்கு நாடுகள்' என்று கீழே எழுத்து ஓடுகிறது.

இதைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு, கோவில்பட்டியில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. கோவில்பட்டிக்கு என்று ஓடுகிற ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீரே தாமிரபரணியில் சீவலப்பேரியில் எடுத்துக் குழாய் வழியாகக் கொண்டுவரப்படுகிறது. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று எந்தப் பக்கம் போனாலும் வானம் பார்த்த பூமி. வைப்பாறு என்று பெயரில் ஆறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் கணக்கு வைத்துத் துணி துவைக்கிற வீட்டில், ஒரு வாரம் முழுக்கத் தண்ணீர் மேலேயே தூங்கி எழுந்து ஊர் பார்ப்பது என்பது சினிமாவை விடப் பெரிய கனவு.

அந்தக் கனவில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஐரோப்பா வரைக்கும் போயே ஆக வேண்டுமா? செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் போதாதா?

ஆற்றுக் கப்பல் என்பது என்ன?

முதலில் அந்த வீடியோவில் வருவதைத் தெரிந்துகொள்வோம். ஐரோப்பிய ஆற்றுக் கப்பல், கடலில் போகிற ராட்சதக் கப்பல் அல்ல. ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றாது; பெரும்பாலும் இருநூறு பேருக்குள்தான். ஆற்றில் நீர்மட்டம் மாறும் இடங்களில் கதவு வைத்த பூட்டுக் கால்வாய்கள் உண்டு. கப்பல் உள்ளே போனதும் பின்கதவு மூடும். தண்ணீரை நிரப்பியோ வடித்தோ கப்பலை ஏற்றி இறக்குவார்கள். அந்தத் தொட்டிக்குள் நுழைய வேண்டும் என்பதால் கப்பல் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். பாலங்களுக்குக் கீழே போகும்போது மேல்தள நாற்காலிகளை மடக்கி, கேப்டன் நிற்கிற அறையையே கீழே இறக்கிவிடுவார்கள்.

டான்யூப் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் நீளம். ஜெர்மனியில் பிறந்து, பத்து நாடுகளைத் தொட்டுக் கருங்கடலில் சேர்கிறது. பாஸாவில் ஏறி, மெல்க் மடாலயம், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்று போவது பிரபலமான வழி. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்ற அந்த நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ரைன் நதியில் பாசலில் இருந்து ஆம்ஸ்டர்டாம் வரை போவது இன்னொரு வழி. அதில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே 65 கிலோமீட்டர் தூரத்துக்கு மலைக்கு மலை கோட்டைகள். 2002-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தப் பயணத்தின் பெரிய சுகம் ஒன்றுதான். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். ஓட்டல் மாற வேண்டாம், பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். ராத்திரி தூங்கி எழுந்தால் வேறு ஊர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். கப்பல் பெரும்பாலும் ஊருக்கு நடுவிலேயே கட்டப்படும். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கடைவீதி. காலையில் வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் பந்தி, மதியச் சாப்பாடு, நாலு மணிக்குக் காபி, கேக், ராத்திரி ஆற அமர விருந்து. சைவம் சாப்பிடுபவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு, பாஸ்தா இவற்றைச் சுற்றியே சாப்பாடு வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. மூன்றாம் நாள் ஊறுகாய் பாட்டிலின் அருமை தெரியும்.

விமானம், விசா, கப்பல் எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கே லட்சக்கணக்கில் ஆகும். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்திலும் உளுந்து விற்ற பணத்திலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது கல்யாணச் செலவுக்கு நிகர்.

அங்கேயும் வானம் பார்த்துத்தான்!

கரிசல்காரர்களுக்கு உடனே புரிகிற விஷயம் ஒன்று இந்தக் கப்பல்களில் உண்டு. அவ்வளவு பெரிய ஐரோப்பாவிலும் ஆறு நினைத்தால்தான் கப்பல் போகும். தண்ணீர் அதிகமானால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. குறைந்தால் தரை தட்டும். 2018-லும் 2022-லும் ரைன் நதி வற்றிச் சுருங்கியது. 2022 ஆகஸ்டில் கவுப் என்ற இடத்தில் இருக்கும் அளவுகோல் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த அளவுகோல் காட்டுவது ஆற்றின் முழு ஆழம் அல்ல. ஆனாலும் சரக்குப் படகுகள் பாதிச் சுமையைக்கூட ஏற்ற முடியாமல் தவித்தன. இப்படிப்பட்ட நேரங்களில் சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, தண்ணீர் இருக்கும் பகுதியில் நிற்கும் இன்னொரு கப்பலுக்குக் கொண்டுபோவது உண்டு.

அதே கோடையில் செக் நாட்டில் எல்பே ஆற்றின் படுகையில் 'பசிக் கற்கள்' வெளியே தெரிந்தன. முற்காலத்தில் ஆறு வற்றும்போதெல்லாம் அந்தப் பாறைகளில் வருஷத்தைப் பொறித்து வைத்தார்கள். ஒன்றில் 1616 என்ற ஆண்டு இன்னும் படிக்கும்படி இருக்கிறது. என்னைக் கண்டால் அழுங்கள் என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் உண்டு. பாறை தெரிந்தால் விளைச்சல் போச்சு, பஞ்சம் வரும் என்று அர்த்தம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த மண்ணில், இந்தக் கல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

கங்கையில் ஒன்று, காயலில் ஒன்று

இந்தியாவிலும் இப்படி ஒரு சொகுசுப் பயணம் வந்துவிட்டது. 'எம்.வி. கங்கா விலாஸ்' கப்பலைப் பிரதமர் மோடி 2023 ஜனவரி 13-ல் வாரணாசியில் தொடங்கி வைத்தார். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர். அறைகள் 18, பயணிகள் 36 பேர். முதல் பயணத்தில் போனவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். அதன் கட்டணமும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

எட்டுகிற ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லத்தில் இருந்து ஆலப்புழா வரை காயல் வழியாகப் போகும் படகுப் பயணம். 1993-ல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவிக்கப்பட்ட மேற்குக் கரைக் கால்வாயின் ஒரு பகுதி இது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இங்கே சுற்றுலாப் படகு விட்டு வருகிறது. காலை பத்தரை வாக்கில் கிளம்பி மாலையில் போய்ச் சேரும். ஏறக்குறைய எட்டு மணி நேரம். பஸ்ஸில் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரத் தூரம்தான். கிட்டத்தட்ட சைக்கிள் வேகத்தில் போகும் இந்தப் படகுக்குக் கட்டணம் சில நூறு ரூபாய்.

ஆற்றுக் கப்பல் தருகிற எல்லாமே சின்ன அளவில் இதில் உண்டு. மேல்தளம், சாப்பாட்டு நிறுத்தம், பார்க்க வேண்டிய ஊர்கள், அவசரமே இல்லாத ஒரு பகல். படுக்கை வேண்டும் என்றால் ஆலப்புழாவில் படகு வீடு காத்திருக்கிறது.

போகிற வழியே பாதிப் பயணம்

கோவில்பட்டியில் இருந்து ஒரே ரயிலில் போக வேண்டும் என்றால் சென்னை–குருவாயூர் எக்ஸ்பிரஸ். நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழா என்று சுற்றிக்கொண்டு போகும். ஆனால் அகால நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் செங்கோட்டை வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

சங்கரன்கோவிலோ தென்காசியோ போய்க் கொல்லம் ரயிலைப் பிடித்தால், மேற்குத் தொடர்ச்சி மலையை ரயிலிலேயே கடக்கலாம். 1904-ல் மீட்டர்கேஜாகத் திறந்த பாதை இது. அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காகப் பல வருஷம் மூடியிருந்து, 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. செங்கோட்டைக்கு அப்பால் குகைகள், பள்ளத்தாக்குகள், பிறகு தென்மலைக்குப் பக்கத்தில் கருங்கல்லால் கட்டிய பதிமூன்று கண் பாலம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதுவே சரியான இடம். பகல் வெளிச்சத்தில் மலையைக் கடக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பக்கம் காய்ந்த காடும் அந்தப் பக்கம் ரப்பர் தோட்டமும் ஒரு மணி நேர இடைவெளியில் மாறுவதைப் பார்க்கலாம்.

பத்தரை மணிப் படகு

கொல்லம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே படகுத்துறை. ஏறியதும் அஷ்டமுடிக் காயல். எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடப்பதால் அந்தப் பெயர். 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கரையோரம் சீன வலைகள் வரிசையாக நிற்கும். நாலு மூங்கிலை விரித்து, நடுவில் வலையைக் கட்டி, துலாக்கோல் மாதிரி இறக்கி ஏற்றும் வலை. ஏற்றக் கிணறு பார்த்த பெரியவர்களுக்கு அதன் கணக்கு பார்த்ததும் பிடிபடும்.

காயல் முடிந்து கால்வாய் தொடங்கும்போது பயணத்தின் சுவையே மாறுகிறது. இரண்டு கரையிலும் வீடுகளின் கொல்லைப்புறம். பெண்கள் படிக்கட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள். சீருடைப் பிள்ளைகள் படகுக்குக் கைகாட்டுகிறார்கள். ஒற்றைத் தடிப் படகில் ஒருவர் புல்லுக்கட்டோடு போகிறார். பஸ் ரோட்டில் போகிறவர் கடைகளின் முகப்பைத்தான் பார்ப்பார். படகில் போகிறவருக்கு வீடுகளின் அடுக்களை வாசல் தெரியும். வியன்னாவுக்குப் போகிற கப்பலில்கூட இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது.

கருநாகப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆலும்கடவு, மரப்படகு கட்டுவதற்குப் பேர்போன ஊர். அப்புறம் அமிர்தபுரி. அடுத்து காயங்குளம் காயல். நடுவில் மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் கரையோரக் கடைகளில் படகை நிறுத்துவார்கள். சாப்பாடு சிவப்புக் குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, தோரன், மோர், பப்படம். கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் வளர்ந்த நாக்குக்குத் தேங்காயெண்ணெய் வாசம் முதல் கவளத்தில் உறுத்தும். ரசத்தோடு சேர்ந்ததும் சமாதானமாகிவிடும். பெரிய அரிசி என்பதால் மென்று நிதானமாகச் சாப்பிட வேண்டும். அவசரம்தான் கிடையாதே!

அதற்கு மேல் தோட்டப்பள்ளி. 1950-களில் கட்டிய ஸ்பில்வேயில் நாற்பது ஷட்டர்கள். குட்டநாட்டில் வெள்ளம் சேர்ந்தால் கடலுக்குத் திறந்துவிடுகிற வாசல் அது. கருமாடியில் கரையோரமாக ஒரு கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் ஒரு பாதி இல்லை. ஊர்க்காரர்கள் அவரைக் 'கருமாடிக்குட்டன்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். பால்பாயசத்துக்குப் பெயர்பெற்ற அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலும், 'செம்மீன்' எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளையின் ஊரான தகழியும் இதே வட்டாரம்தான். 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். இடைசெவல் கி.ராஜநாராயணன் கரிசலை எழுதினார், தகழி குட்டநாட்டை எழுதினார். ஒருவருக்குத் தண்ணீர் இல்லாத கவலை, இன்னொருவருக்குத் தண்ணீர் சூழ்ந்த கவலை. இரண்டும் சம்சாரிகளின் கதைகள்தான்.

படகு வீட்டில் ஒரு ராத்திரி

ஆலப்புழாவின் படகு வீடுகளுக்குப் பழைய பெயர் கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல், அயினிப் பலகைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய நெல் சுமக்கும் படகு. 'கெட்டு' என்றால் மலையாளத்தில் கட்டு. ரோடு வந்து லாரி ஓடத் தொடங்கியதும் வேலை இழந்து கரையில் கிடந்த இந்தப் படகுகளுக்கு மூங்கில் கூரையும் படுக்கையறையும் வைத்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள்.

மதியம் பன்னிரண்டு வாக்கில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது வாக்கில் இறக்கிவிடுவார்கள். சமையல்காரர் படகிலேயே இருப்பார். மதியம் சோறு, சாம்பார், அவியல், கரிமீன் வறுவல். சாயங்காலம் டீயும் பழம்பொரியும். ராத்திரி சப்பாத்தி, கோழிக் குழம்பு. காலையில் ஆப்பமோ புட்டும் கொண்டைக்கடலையுமோ. காரம் கூடுதல், எண்ணெய் வேறு, சைவம் மட்டும் என்று எது வேண்டுமானாலும் ஏறும்போதே சொல்லிவிட்டால் மனசார மாற்றிச் செய்து தருவார்கள்.

சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். 'இவ்வளவு காசு கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்களே' என்று சிலர் சண்டைக்குப் போவது உண்டு. காரணம் இருக்கிறது. இருட்டியதும் காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரிக்கும் நேரத்தில் சுற்றுலாப் படகு போனால் வலை அறுந்துவிடும். அந்த நேரத்தை மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருக்கக் கிடைத்த நேரம் என்று எடுத்துக்கொண்டால் பயணம் ருசிக்கும். கோவில்பட்டியிலிருந்து கொண்டுபோன கடலைமிட்டாயை, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிட்டாயை, படகுக்காரர்களோடு பகிர்ந்து தின்னவும் அது தோதான நேரம்.

கரிசலும் 'கரி'யும்

படகில் இருந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். படகு மேலே போகிறது. பக்கத்தில் வயல் கீழே கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் நெற்கதிரின் தலை, படகில் இருப்பவரின் காலுக்கும் கீழே. குட்டநாட்டு வயல்களில் பல, கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை தாழ்ந்தவை. சுற்றிலும் சேறும் கல்லும் கொண்டு பண்ணை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிவிட்டு விதைக்கிறார்கள். பழைய காலத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து காலால் சக்கரம் மிதித்தார்கள். பிறகு 'பெட்டியும் பறையும்' என்ற இறைவைப் பொறி வந்தது. 2013-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி கமலை கட்டி, மாடு பூட்டி, கிணற்று ஆழத்திலிருந்து வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுவரப் போராடினார். குட்டநாட்டுச் சம்சாரி வயலில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றப் போராடுகிறார். இன்னும் ஒரு ஒற்றுமை மண்ணிலேயே இருக்கிறது. குட்டநாட்டின் ஒரு பகுதி நிலத்துக்குப் பெயர் 'கரி'. புதைந்து மக்கிய மரங்கள் கலந்த கறுப்பு மண். கைநகரி, ராமங்கரி, மித்ரக்கரி, சேன்னங்கரி என்று ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. குணத்தில் இரண்டும் வேறு வேறு. கரிசல் ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு பருத்தியையும் உளுந்தையும் காப்பாற்றும். கரி மண்ணோ புளிப்பு மண். சுண்ணாம்பு போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

காயலுக்கு நடுவே குடம்

இந்தப் பயணத்தில் கரிசல்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரையோரத்தில் சில இடங்களில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு காத்திருப்பார்கள். சில வீடுகளுக்குப் படகில் குடிநீர் வரும். காலுக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு கிடையாது!

கோடையில் கடல் உப்பு ஏறுகிறது. அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை மூடினால், தேங்கிய தண்ணீர் கெடுகிறது. வயலின் உரமும் பூச்சிமருந்தும் ஊர்க் கழிவும் அதில் கலக்கின்றன. மண்ணின் புளிப்பு வேறு. போதாக்குறைக்கு நூற்றுக்கணக்கான படகு வீடுகளின் கழிவும் எண்ணெயும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே காலி செய்துகொண்டு ஆலப்புழாவிலும் சங்ஙனாசேரியிலும் முகாம்களில் இருந்தபோதும், தட்டுப்பாடாக இருந்த பொருட்களில் குடிநீரும் ஒன்று.

குடத்தின் கனம் தெரிந்தவர்கள் இங்கே மற்ற சுற்றுலாப் பயணிகளைப் போல நடந்துகொள்ள மாட்டார்கள். பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் காயலில் எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவருவது, படகு வீடு பேசும்போதே 'கழிவுத் தொட்டி இருக்கிறதா, எங்கே காலி செய்கிறீர்கள்' என்று கேட்பது, டீசல் அதிகம் குடிக்கிற ஏ.சி.யை ராத்திரி மட்டும் போதும் என்று சொல்வது, இதெல்லாம் செலவில்லாத மரியாதை. வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால் படகுக்காரர் தானாகத் திருந்துவார்.

கிளம்பும் முன் சில குறிப்புகள்

எப்போது போகலாம்? தை, மாசியில் பயறு, உளுந்து வீட்டுக்கு வந்த பிறகு போவது கரிசல் பக்கம் தோதுப்படும். அந்தச் சமயத்தில் குட்டநாட்டில் புஞ்சை நெல் பச்சையாக நிற்கும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் படகு வாடகை ஏறிவிடும். படகுப் போட்டி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆகஸ்டில் நேரு கோப்பைத் தேதியை விசாரித்துக்கொண்டு மழைக்குத் தயாராகப் போக வேண்டும்.

எவ்வளவு ஆகும்? படகு வீடு ஓர் இரவுக்குச் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து இரட்டை அறைப் படகு எடுத்தால் தலைக்குக் குறையும். அதுவும் வேண்டாம் என்றால் ஆலப்புழாவில் இருந்து கோட்டயத்துக்கு அரசின் சாதாரணப் பயணிகள் படகு இருக்கிறது. இரண்டரை மணி நேரம், சில பத்து ரூபாய். ஊர் மக்களோடு உட்கார்ந்து அதே காயலைப் பார்க்கலாம். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் வழி சுருங்கும். அதனால் கொல்லம் படகானாலும் கோட்டயம் படகானாலும் அன்றைக்கு ஓடுகிறதா என்று படகுத்துறையில் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் வேம்பநாட்டுக் காயல் கரையில் இருக்கும் வைக்கம். 1924-ல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த ஊர். தந்தை பெரியாரின் நினைவகம் இங்கே 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அதே வைக்கத்தில் இருந்துதான் இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகான 'ஆதித்யா' 2017 முதல் தவணக்கடவுக்கு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். டீசல் வாடையும் இரைச்சலும் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சமே கூடாது. 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகள் பலர். ஆறில்லாத ஊரில் வளர்ந்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. படகின் பதிவு எண், எத்தனை பேருக்கு அனுமதி, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சின்ன அளவு ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிவிட வேண்டும். கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் கொடுத்த முன்பணம் போனாலும் இறங்கிவிடலாம்.

வயதானவர்களுக்கு இந்தப் பயணம் மிகவும் ஒத்துவரும். மலை ஏற்றம் இல்லை, நடை இல்லை. காயல் அலை அடிக்காததால் தலைசுற்றலும் அரிது. வெயிலுக்குத் துண்டு, கொசுவுக்குக் களிம்பு, வழக்கமான மாத்திரை, குடிக்க வீட்டுத் தண்ணீர் இரண்டு பாட்டில். இவ்வளவுதான் மூட்டை.

டான்யூப் எங்கேயும் போய்விடாது. பிள்ளைகள் தலையெடுத்து ஒரு நாள் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் தாராளமாகப் போய் வரலாம். அதுவரைக்கும் வேலையோடு வேலையாகவே காலம் கழிக்கிற அம்மாவையும் அப்பாவையும், தண்ணீருக்குக் காத்திருக்காமல் தண்ணீர் மேலே ஒரு பகல் சும்மா உட்கார வைப்பதற்குக் கொல்லத்தில் பத்தரை மணிப் படகு போதும்.